அதே வண்டி, அதே ரோடு

என் மனைவிக்குப் புற்றுநோய் முதுகெலும்பில் இறங்கிவிட்டது என்று தெரிந்தபோது எனக்கு வந்த முதல் பயம் சாவைப் பற்றியது அல்ல, ரோட்டைப் பற்றியது. மருத்துவம் திருவனந்தபுரத்தில். நாங்கள் இருப்பது இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கம். குளச்சல், கருங்கல், புதுக்கடை, களியக்காவிளை என்று போகவேண்டும். உடம்பு நன்றாக இருப்பவருக்கு அது ஒரு காலைநேரப் பயணம். எலும்பு அரித்துப்போனவளுக்கு ஒவ்வொரு குழியும் தனித்தனியாக வரும்.

முதல் தடவை ஆம்புலன்சில் கொண்டுபோனேன். அவள் அலறினாள் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அலறினாள். பெண்கள் பள்ளியில் வேலைக்காலம் முழுக்கக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாதவள். புதுக்கடைச் சந்தை நெரிசலில் வண்டி நின்று நின்று போனபோது மீன் வாங்க வந்தவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். அடுத்த தடவை வாடகைக் கார் பிடித்தேன். அதற்கடுத்த தடவை அதைவிடப் பெரிய வாடகைக் கார். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

கல்லூரியில் என்னிடம் பௌதிகம் படித்த ஒருவன் கத்தாரில் சம்பாதித்துவிட்டுத் திரும்பிக் கருங்கலில் வீடு கட்டியிருந்தான். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் எங்களைப் பார்த்துவிட்டு, தன் காரிலேயே கொண்டுவிடுகிறேன் என்றான். கறுப்பு நிறத்தில் பழைய ஜெர்மன் கார். களியக்காவிளை தாண்டியபிறகு பின்சீட்டில் சத்தமே இல்லை. பயந்து திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மாத்திரை போடாமல் அவள் தூங்கி நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"இதில ஸ்பிரிங் கிடையாது சாரே," என்றான் அவன். "காத்துல நிக்கப்பட்ட வண்டியாக்கும்."

சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தடித்த ரப்பர் பைகள். ஒரு சின்ன கம்ப்ரஸர் அவற்றில் காற்றை நிரப்பும். எந்தப் பக்கம் கனம் கூடுகிறதோ அந்தப் பக்கம் காற்றைக் கூட்டிக் குறைத்து வண்டியை மட்டமாக வைக்க ஒரு கம்ப்யூட்டர். குழியில் இறங்கும்போது இரும்பு வாங்கவேண்டிய அடியைக் காற்று வாங்கிக்கொள்ளும். நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிய சங்கதிதான். ஆனால் ஒருத்தியைத் தூங்கவைக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அவன் அதை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிப்பேர் என்று வந்தால் தாங்காது என்பதால் அந்த வண்டிகளை எவரும் சீந்துவதில்லை. பழைய இரும்பு விலைக்குக்கூடப் போகாது. நான் வாங்கினேன். மஸ்கட்டில் கணவனோடு இருக்கும் எங்கள் ஒரே மகள் பைத்தியமா என்று ஃபோனில் சத்தம் போட்டாள்.

"அப்பா, ஒங்களுக்கு என்ன பிராந்தா? அம்மாக்க மருந்துக்குப் பைசா வேணும்லா? இந்த வயசில ஒங்களுக்கு இந்தக் காரு எதுக்கு?"

என் மனைவி பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபோனை வைத்ததும் சிரித்தாள். "ஒங்க அப்பா கட்டுமரம் தள்ளி முதுகு வளஞ்சு செத்தாரு. மகன் ஆனை வாங்கியாச்சு. இனி அதுக்கு ஓலை வெட்டிப் போடுங்க."

ஆனால் அந்த ஆனையில் அவள் போனாள். அவ்வளவு நாளும் நாள்காட்டியில் ஆஸ்பத்திரித் தேதி நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்காமல் இருந்தவள், பின்சீட்டில் ஒரு தலையணையை இடுப்புக்குக் கொடுத்துக்கொண்டு, வழியில் வரும் குழிகளையும் வேகத்தடைகளையும் எனக்கு முன்கூட்டியே சொல்லத் தொடங்கினாள். "பெட்ரோல் பங்கு தாண்டி எடப்பக்கம் ஒண்ணு. அதுக்கப்புறம் ஹம்பு. ஹம்பு கழிஞ்சு உடனே இன்னொண்ணு." கணக்கு டீச்சர். அந்த ரோடு முழுவதும் அவளுக்கு மனப்பாடம் ஆகியது. கதிர்வீச்சு முடிந்து மாதாமாதம் ஊசி என்று ஆனது. டாக்டர், இளவயதுக்காரர், மருந்து கேட்கிறது என்றார். கொஞ்சநாள் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம் என்றார். அவள் வீட்டுக்குள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். ஒருநாள் வாளைக்கருவாடு பொரித்தாள்.

ஒரு காலையில் காரை எடுக்கப்போனபோது முன்பக்கம் இடது ஓரம் தரையோடு உட்கார்ந்திருந்தது. அவள் வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, "முட்டுக்குத்தி செபம் சொல்லுது," என்றாள். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் முனகி முனகி மெதுவாகத் தூக்கியது. ஒரு வாரத்தில் வலது பக்கமும் இறங்கியது.

கருங்கலில் மெக்கானிக் ஒருவர் இருந்தார். தேங்காப்பட்டணத்துக்காரர், ஷார்ஜாவில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் இந்த மாதிரி வண்டிகளைப் பார்த்தவர். அவருடைய மகள் என் மனைவியிடம் படித்தவள். சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீரை ரப்பர் பைமேல் ஊற்றிக் காட்டினார். மடிப்பு மடிப்பாக நுரை பொங்கியது.

"பாத்தியளா சாரே? கிழவிக்க கழுத்து மாதிரி வெடிச்சுப் போச்சு. நாலும் மாத்தணும்."

விலையைச் சொன்னார். என் ஓய்வூதியத்தில் மருந்து போக மிஞ்சுவது வீட்டுச் செலவுக்கே இழுபறி. எங்கள் இருவர் பெயரிலும் வங்கியில் ஒரு டெபாசிட் இருந்தது. அதை உடைத்திருக்கலாம். ஆனால் அவள் கையெழுத்து வேண்டும். கேட்டால் எதற்கு என்பாள். சொன்னால் வண்டியை விற்கச் சொல்வாள். இதுதான் அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அது முழுக் காரணம் அல்ல. மகள் திட்டியும் மனைவி கேலி செய்தும் அசையாமல் அதை வைத்துக்கொண்டவன் நான். எல்லாம் தெரிந்தவன் போலக் காற்றையும் அழுத்தத்தையும் பற்றி விளக்கம் சொன்னவன். தப்பாகிவிட்டது என்று சொல்ல என் வாய் வளையவில்லை.

அதனால் மலிவான வழி தேடினேன். கருங்கலில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெடிங் செய்யும் கடை உண்டு. எங்கள் மேற்குப் பக்கத்தில் மலையோரமெல்லாம் ரப்பர்த் தோட்டம்தான். பிளந்த ரப்பர் எதுவானாலும் சூடுவைத்து ஒட்டிவிடலாம் என்பது இங்கே பிறந்த எவருக்கும் இருக்கும் நம்பிக்கை. செருப்பிலிருந்து தண்ணீர்ப் பம்பின் குழாய்வரை அப்படித்தான் ஓட்டிவந்திருக்கிறோம். பைகளைக் கழற்றி அங்கே கொண்டுபோய் வெடிப்புகளின்மேல் பச்சை ரப்பர் வைத்துச் சுடவைக்கலாம் என்றேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சாரே, டயரு உருளுகது. இது மடங்குகது. ஒட்டு நிக்காது."

"பௌதிகம் எனக்குத் தெரியும். அந்த அழுத்தத்துக்கு நிற்கும்."

"நிங்க படிச்ச ஆளு. நான் என்ன சொல்ல?"

ஒட்டு நின்றது. சொற்ப நாட்கள். அதன்பிறகு ஓரத்தில் மயிரிழைபோலக் கசிய ஆரம்பித்தது. கசிகிற காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி, ஒருநாள் குளச்சல் தாண்டியதும் எரிந்துபோனது. பைகளோடு கம்ப்ரஸரும் போய்ச் செலவு இன்னும் ஏறியது. ஊசித் தேதி அடுத்த வாரம்.

மெக்கானிக் கடைசியாக ஒரு வழி சொன்னார். பைகளை எடுத்துவிட்டு நான்கு சக்கரத்துக்கும் சாதாரணக் கம்பிச்சுருள் போட்டுவிடுவது. கோயம்புத்தூரில் அளவு கொடுத்தால் செய்து அனுப்புவார்கள். காற்று இல்லை என்று கம்ப்யூட்டர் கத்தாமல் இருக்க ஒரு சின்னப் பெட்டியை இணைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதை நம்பவைத்துவிடலாம். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியாது.

"வண்டி ஓடும் சாரே. நிங்களுக்க காலம் முழுக்க ஓடும். ஆனா காரு லாறியாகும். டீச்சருக்க நடு முதுகுக்கு அது செரிப்படுமா?"

"பழகிவிடும்."

"டீச்சர்ட்ட சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு," என்றேன்.

சொல்லவில்லை. அந்தச் சுருளின் விறைப்பு எவ்வளவு, ஒரு குழியின் அடியில் எத்தனை பங்கு சீட்டுக்கு வரும் என்று எனக்கு மனக்கணக்கிலேயே தெரியும். ஊசி போடாமல் விடுவதைவிட இது மேல் என்று வைத்துக்கொண்டேன். போகிற வழியில் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றும் வைத்துக்கொண்டேன்.

புதுக்கடை வரும்வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை. முக்கில் ஹம்பு ஏறி இறங்கியபோது பின்னாலிருந்து மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய செரியாக்கினாரா அவரு?"

"ஆக்கியாச்சு."

"பழசுக்கே ஒட்டுப் போட்டாரா?"

"இல்ல. நாலும் புதுசு."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நாலும் புதுசுதான். அன்று அந்த வாக்கியத்தைத் தேர்ந்து எடுத்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டாள். அதன்பிறகு குழிகளைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் ஓரம் பார்த்து, வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவர்களிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு ஓட்டினேன். ஒரு டெம்போக்காரன் பக்கத்தில் வந்து, "ஏலே கிழவா, பள்ளிக்குக் கொண்டுபோறியா பெட்டிய?" என்று கத்திவிட்டுப் போனான். பள்ளி என்றால் எங்கள் பக்கம் மாதாகோவில், பெட்டி என்றால் சவப்பெட்டி. அவள் கேட்டிருப்பாள்.

டாக்டரிடம் வலி கூடியிருக்கிறது என்று அவளே சொன்னாள். ரத்தப் பரிசோதனை மோசமில்லையே என்று அவர் காகிதத்தைப் புரட்டினார். மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, எதற்கும் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம், அடுத்தமுறை எடுத்துவிடுவோம் என்றார். நான் அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். என் வாயைத் திறக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. டாக்டரே, காரில் சின்ன மாற்றம் செய்திருக்கிறேன் என்றால் முடிந்தது. அவர் சிரித்திருப்பார். அவளும் திட்டியிருப்பாள், அவ்வளவுதான். நான் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

அப்படியே இன்னும் இரண்டு பயணம் போய்வந்தோம். ஸ்கேன் எடுக்கும் யந்திரம் பழுது என்று ஒருமுறையும், தேதி கிடைக்கவில்லை என்று மறுமுறையும் தள்ளிப்போனது. இரண்டாவது பயணம் முடிந்து வந்த மறுநாள் பகலில் அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்க. ஒரு சந்தேகம். நிங்க ஃபிசிக்ஸ் வாத்தியாராக்கும், நிங்கதான் சொல்லணும்."

"என்ன?"

"வண்டி அதே வண்டி. ரோடு அதே ரோடு. ஓட்டுகதும் அதே கிழவன். தலகாணியும் அதுதான். முந்தி ஒறங்கிட்டு வந்தேன். இப்ப புதுக்கடை வரும்போ உசிரு போவுது. அப்ப மாறினது எது?"

நான் கட்டிலோரத்தில் உட்கார்ந்தேன்.

"மழையில ரோடு மோசமாகியிருக்கும்," என்றேன்.

"ரோடு எனக்குத் தெரியாதா? குழிக்குக் குழி எண்ணி வச்சிருக்கேன். ஒரு குழி கூடல்ல." அவள் தன் மார்பில் விரலால் தட்டிக் காட்டினாள். "மாறினது நான்தான். உள்ள அது வளந்தாச்சு. ஸ்கேன் எடுத்து என்னத்த பாக்க? எனக்குத் தெரிஞ்சத அந்தப் பையன் படம் போட்டுக் காட்டுவான். அதுக்கு இவ்வளவு நோவு நான் தின்னணுமா? போதும். இனி போவாண்டாம்."

ஐந்து விஷயத்தில் நான்கு மாறவில்லை என்றால் ஐந்தாவதுதான் மாறியிருக்க வேண்டும். நானே மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் படிகளில் ஒரு பிழையும் இல்லை. முதல் வரி மட்டும் தவறு. அந்த வரியை அவளிடம் கொடுத்தது நான்.

அப்போதும் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாளும் யோசித்திருக்கிறேன். வெட்கம் என்று சொல்லலாம். பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன். நான் களைத்துப்போயிருந்தேன். அந்த ரோட்டை, அந்த வராந்தாவை, டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரலை, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதை இனி ஒருதடவைகூட என்னால் முடியாது என்று இருந்தது. அவள் போதும் என்றபோது என் தோள் இறங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் வாயால் வந்துவிட்டதே என்று இருந்தது.

மகள் உடனே விமானம் ஏறி வந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவளை அந்தக் காரிலேயே ஏற்றிக்கொண்டேன். பாறசாலை தாண்டுமுன்பே முன்சீட்டில் நெளிந்தாள்.

"என்னப்பா இது? போனதடவ தண்ணில மெதக்குக மாதிரில்லா இருந்துச்சு? இப்ப தூக்கித் தூக்கிப் போடுது."

"நீ மஸ்கட்டில் பிரியாணி தின்று கனம் கூடிவிட்டாய். வண்டி என்ன செய்யும்?"

"சும்மா இரிங்கப்பா," என்று சிரித்தாள்.

வீட்டில் இரண்டு நாள் அம்மாவோடு மல்லுக்கட்டினாள். அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து பேசவைத்தாள். என் மனைவி அதே கணக்கை அவளுக்கும் போட்டுக் காட்டினாள். வண்டி அதே வண்டி, ரோடு அதே ரோடு. மகள் எழுந்து அடுக்களைக்கு வந்தாள். நான் கட்டன் சாயா ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா? வண்டியில ஒண்ணும் மாத்தலியே?"

அவள் கண்கள் சிவந்திருந்தன. கேட்டது என்னைச் சந்தேகப்பட்டு அல்ல. எங்கேயாவது ஒரு இடுக்கு கிடைக்காதா, அம்மாவின் கணக்கை உடைக்க முடியாதா என்றுதான்.

"இல்ல மக்கா," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுச் சாயாவை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு வாரம் இருந்து, அம்மாவின் முடிவை ஏற்றுக்கொண்டு, திரும்பிப் போனாள்.

அதன்பிறகு வீட்டோடு வைத்தியம். வலி தணிக்கும் மருந்து கொடுக்க ஒரு நர்ஸ் வந்துபோனாள். முதலில் என் மனைவி நன்றாகத்தான் இருந்தாள். அது இன்னும் மோசம். பயணம் இல்லாததால் வலி குறைந்தது. வாசல்வரை நடந்து அரளிச்செடிக்குத் தண்ணீர் விட்டாள். ஒரு நாள் அவளே சொன்னாள்: "போவாம இருந்தது நல்லதாச்சு. பாருங்க, கொள்ளாம் இப்ப." நோய் வளர்ந்திருந்தால் வலி குறையுமா என்று அவளுக்கு அந்தக் கணம் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தோன்றியும் நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

சில மாதம் அப்படிப் போயிற்று. பிறகு கால் மரத்துப்போக ஆரம்பித்தது.

மெக்கானிக் அவளைப் பார்க்க வந்தது அந்த நாட்களில்தான். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்ததாம். பேரீச்சம்பழமும் அல்வாவும் கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேரனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க டீச்சர் எழும்பி வரவேண்டும் என்றார். அவள் சிரித்தாள். பேச்சு தீர்ந்த ஒரு இடைவெளியில், நல்ல மனுஷன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று என் பக்கம் திரும்பினார்.

"ஸ்பிரிங்கு இப்ப கொஞ்சம் இளகியிருக்குமே சாரே? ஆரம்பத்தில நல்ல கட்டியா இருந்திருக்கும். டீச்சரு பாவம், அதுல எப்படிப் போனாங்களோன்னு நான் எனக்க வீட்டுக்காரிட்ட சொல்லுவேன்."

என் மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எந்த ஸ்பிரிங்கு?" என்றாள்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் மனசிலாகிவிட்டது. சாயா டம்ளரைக் கீழே வைத்தார். "இல்ல டீச்சர், நான் வேற வண்டியச் சொன்னேன்," என்று ஆரம்பித்தார். அவருக்குப் பொய் வரவில்லை. "நான் கெளம்புகேன்," என்று எழுந்துவிட்டார்.

அவர் போனபிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரீட்ரெடிங் கடை, எரிந்துபோன கம்ப்ரஸர், கோயம்புத்தூர்ச் சுருள், விளக்கு எரியாமல் வைத்த பெட்டி. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவள் இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், எந்தப் பயணத்திலிருந்து என்று. சொன்னேன். உதடு அசைந்தது, விரல் மடங்கியது. பழைய பயணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"அப்பவே சொல்லியிருந்தா," என்றாள், "இன்னும் ரெண்டு தலகாணி கூட வச்சிருப்பேனே."

அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த எந்தத் திட்டும் வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மணிக்கணக்காக அப்படியே கிடந்தாள். மாலையில் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வண்டிய எடுங்க. ஸ்கேன் எடுக்கணும்."

வீட்டிலிருந்த எல்லாத் தலையணையையும், விருந்தினர் மெத்தையையும் பின்சீட்டில் விரித்து அவளைக் கொண்டுபோனேன். வழியில் வலி இல்லை என்றாள். காலில் எதுவும் தெரியாததால் என்று இருவருக்கும் தெரியும். டாக்டர் எங்களைப் பார்த்து ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். அவள்தான் பதில் சொன்னாள். "ஒரு கணக்கு தப்பாப் போச்சு டாக்டரே."

ஸ்கேனில் எல்லா இடத்திலும் இருந்தது. நான் டாக்டரைத் தனியாகப் பிடித்து, இது எப்போது பரவியிருக்கும், நாங்கள் நிறுத்தியபோதே இருந்ததா, நிறுத்தியதால் வந்ததா என்று கேட்டேன். அப்போது ஒரு படம் எடுத்திருந்தால் சொல்லலாம், இப்போது எப்படிச் சொல்வது என்றார். அவர் சொன்னது சரி. அவளுடைய கணக்கு கடைசியில் சரியாகவே இருந்திருக்கலாம். தவறான வரியில் தொடங்கியும் சரியான விடை வருவதுண்டு. அப்படித்தான் இருந்திருக்கவேண்டும் என்று நான் பலமுறை வேண்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த வழியை அடைத்தவனுக்கு வேண்டிக்கொள்ளும் உரிமை இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

திரும்பும்போது கருங்கல் தாண்டியதும் சொன்னாள்:

"பிள்ளைட்ட சொல்லாண்டாம்."

"என்ன?"

"ஸ்பிரிங்கு விசயம். நான் போயிட்டா அவளுக்கு நிங்க ஒரு ஆளுதான். நிங்களையும் இல்லாம ஆக்கண்டாம்."

சிறிதுநேரம் கழித்து, "எனக்குக் கோவம் இல்லன்னு நினைக்காண்டாம்," என்றாள். "இருக்கு. நல்லா இருக்கு. ஆனா அது எனக்கும் நிங்களுக்கும் உள்ளது."

அந்தக் கோபத்தை அவள் மறைக்கவும் இல்லை, பெரிதாகக் காட்டவும் இல்லை. கடைசி வாரங்களில் நான் ஊட்டினால் சாப்பிடுவாள். துடைத்துவிட்டால் இருந்துகொடுப்பாள். ஆனால் முன்போல என்னைக் கேலி செய்வதை விட்டுவிட்டாள். ஒரு வார்த்தைகூட இல்லை. கல்யாணமான நாள்முதல் அவள் கேலி இல்லாமல் நான் ஒரு பகலைக் கழித்ததில்லை.

அடக்கப் பூசையில் சாமியார் அவளைப் பற்றிப் பேசினார். நோயின் உண்மையைத் தானே கண்டறிந்து, அஞ்சாமல், இறைவன் சித்தத்துக்குத் தன்னைக் கையளித்த பெண் என்றார். மகள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோவில் நிறைய அவளிடம் படித்த பெண்கள் அழுதார்கள். நான் முதல் பெஞ்சில் மருமகனுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் வாசலுக்கு வெளியே செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெளியே வந்தபோது என் கையைப் பிடித்தார்.

நாற்பத்தொன்றாம் நாள் செபம் முடிந்து மகளை விமான நிலையத்தில் கொண்டுவிட்டேன். உள்ளே போகுமுன் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, அன்னைக்கு ஒங்களுக்குப் பிராந்தான்னு கேட்டேன்லா. மன்னிச்சிருங்க. அம்மாக்கு நோவக்கூடாதுன்னு ஒரு காரையே வாங்கினியளே. யாரு செய்வா? எனக்க வீட்டுக்காரருட்ட அதச் சொல்லித்தான் நான் சண்ட போடுகது."

நான் அவள் பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தேன். சரி, போய்வா என்றேன். கண்ணாடிக் கதவு மூடியது.

சொல்லாதே என்று அவள் சொன்னதற்குக் கீழ்ப்படிகிறேன் என்று இவ்வளவு காலம் இருந்தேன். அவள் சொன்னது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது என்பதை இப்போதுதான் எழுதப் பழகியிருக்கிறேன். என் மனைவியின் கணக்கில் பிழை இல்லை, அதை மகள் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா பயந்து பின்வாங்கியவளும் அல்ல, சாமியார் சொன்னபடி சரணடைந்தவளும் அல்ல. கையில் கொடுத்ததை வைத்து ஒழுங்காகப் படி எழுதியவள். இதை வேறு யார் படிப்பதற்கும் முன்னால் மஸ்கட்டுக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஃபோன் செய்வாள். இந்த வெள்ளிக்கிழமை செய்வாளா என்று எனக்குத் தெரியாது.